டிஆர்என்ஏவில் அமினோ அமிலத்தை ஏற்றிவிடுவது யார்?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருக்கிறார்: "டிஆர்என்ஏ தனக்குரிய அமினோ அமிலத்தை எப்படி அடையாளம் காண்கிறது?"

புரதம் கட்டும் இடத்துக்கு அமினோ அமிலத்தைச் சுமந்துசெல்லும் மூலக்கூறுதான் டிஆர்என்ஏ. அது அமிலத்தை அடையாளம் காண்பதே இல்லை, அம்மா. தர்மபுரியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் இங்கேதான் சறுக்குகிறார்கள். பொருத்தம் பார்த்து இணைத்துவைப்பது அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தடேஸ் என்னும் நொதி. பொதுவாக 20 அமினோ அமிலங்களுக்கும் தனித்தனியாக ஒன்று உண்டு.

முதலில் அது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து, அதன் ஒரு பகுதியான ஏஎம்பியோடு அமினோ அமிலத்தைப் பிணைக்கிறது, மீதிப் பகுதியான பைரோபாஸ்பேட் கழன்றுவிடும். பிறகு அந்த அமிலத்தை டிஆர்என்ஏவின் ஒரு முனையில் சி, சி, ஏ என்ற எழுத்துகளில் முடியும் சிசிஏ வாலில் உள்ள கடைசி அடினோசினுக்கு மாற்றுகிறது. அவ்வளவுதான்.

சுவாரசியம் தேர்வில்தான் இருக்கிறது. ஐசோலூசினைவிட வேலினில் ஒரே ஒரு மெத்திலீன் தொகுதி (ஒரு கார்பன், இரண்டு ஹைட்ரஜன்) குறைவு. மாங்காய் மண்டியில் பெருத்ததை ஒருமுறை, சிறுத்ததை மறுமுறை கழிப்பதுபோல், ஐசோலூசினுக்கான நொதி இரண்டு தடவை சலிக்கிறது. பெரிய அமிலங்கள் நொதியில் உள்ள முதல் பள்ளத்தில் நுழையவே முடியாது. வேலின் எப்படியோ நுழைந்துவிடும். ஆனால் ஐசோலூசின் புக முடியாத இரண்டாவது பள்ளத்தில் மாட்டி, வெட்டி எறியப்படும்.

இத்தனை கெடுபிடி எதற்கு? புரதத்தைக் கட்டும் ரைபோசோம், டிஆர்என்ஏவில் உள்ள மூன்றெழுத்து அடையாளமான எதிர்க்குறியனைத்தான் சரிபார்க்கிறது. சுமந்துவரும் சரக்கை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 1962இல் ஆய்வாளர்கள், டிஆர்என்ஏவில் ஏற்கெனவே ஏறியிருந்த சிஸ்டீனை நிக்கல் வினையூக்கியால் அலனினாக மாற்றிப் பார்த்தார்கள். சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்துகொண்டது.