ஒன்பதாம் வகுப்புச் சுற்றுலாவில் போன் கேமராவை வைத்து நல்ல படம் எடுப்பது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு மாணவி, பள்ளியில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போகிறார்கள், கையில் இருப்பது அம்மாவின் பழைய போன் என்று எழுதியிருக்கிறாய். பொதுவாக இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "பழைய போனில் ஒன்றும் வராது, நல்ல கேமரா வாங்கச் சொல்." இன்னொன்று, "படம் எடுப்பதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்து ரசி." இரண்டைக் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. கொங்குப் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளி. படக்கலை படித்தவள் இல்லை. அபெர்ச்சர், ஐஎஸ்ஓ பற்றியெல்லாம் சொல்ல என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குப் போட்டி கிடையாது. ஆனால் சுற்றுலா முடிந்து வந்ததும் பிள்ளைகள் நீட்டும் போன்களை வாங்கி, ஒவ்வொரு படமாக உட்கார்ந்து பார்க்கிறவள். எது ஏன் நன்றாக வந்தது, எது ஏன் கெட்டது என்பது அப்படிப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

கண்ணால் ரசி என்று சொல்கிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் நாலு ஆல்பம் இருக்கும். என் வகுப்பில் பல பிள்ளைகளுக்கு மாவட்டத்தைத் தாண்டிப் போகும் முதல் பயணமே இந்தச் சுற்றுலாதான். வீட்டில் இருக்கிற அம்மாயிக்கு ராஜராஜன் கட்டின கோயிலைக் காட்ட வேண்டும் என்று ஒரு பிள்ளை நினைத்தால் அதைத் தடுக்க நாம் யார்? தாராளமாக எடு கண்ணு.

முதலில் லென்ஸைத் துடை. பழைய போனில் படம் மங்கலாக வருவதற்குப் பாதிக் காரணம் லென்ஸ் மேல் படிந்திருக்கும் விரல் எண்ணெய். சுத்தமான பருத்தித் துணி போதும். கிளம்பும் முந்தின நாளே போனில் இடம் இருக்கிறதா பார்த்துக்கொள். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த குட்மார்னிங் படங்களையும் வீடியோக்களையும் அம்மாவைக் கேட்டு அழித்தாலே நிறைய இடம் கிடைக்கும். விரலால் இழுத்து ஜூம் செய்யாதே. அந்த மாதிரிப் போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், புதிதாக எதுவும் கிடைக்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறைக்கு மேல் எழும் கோபுரத்துக்கு விமானம் என்று பெயர். அந்த விமானத்தின் மேலே தொப்பி வைத்த வெள்ளைக்காரர் போல ஓர் உருவம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் இழுத்து இழுத்து எடுப்பார்கள், எல்லார் போனிலும் குழைந்துபோய்த்தான் வரும்.

இனி வெளிச்சம். பெரிய கோயில் கிழக்கு பார்த்த கோயில். காலையில் கேரளாந்தகன் வாசல், ராஜராஜன் வாசல் தாண்டி உள்ளே போகும்போது வெயில் உன் முதுகில் இருக்கும், 216 அடி விமானம் முழுக்க அந்த வெயிலில் பழுத்த நிறத்தில் நிற்கும். வாசல் பக்கமே தள்ளி நின்று, போனை நெட்டாகப் பிடித்து எடு. கிட்டப் போய் அண்ணாந்து எடுத்தால் விமானம் பின்னால் சாய்ந்த மாதிரி வரும். உங்கள் பஸ் சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் கதையே மாறிவிடும். சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், முன்னால் நின்று எடுத்தால் கோயிலும் கறுப்பு, முன்னால் நிற்கிற தோழிகளும் கறுப்பு. அப்போது கோயிலைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய்விடு. பாதிக் கூட்டம் அங்கே வருவதே இல்லை, அந்த நேரத்தில் நல்ல வெளிச்சம் இருப்பதோ அங்கேதான்.

சுற்றுலா பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் வைப்பார்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். விமானத்தின் வடக்குச் சுவர் நாள் முழுக்க நிழலில் இருக்கும், தெற்குச் சுவரில் வெயில் விழும். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பெருமையான ஒரு விஷயம் இதில்தான் இருக்கிறது.

எங்கள் பள்ளியில் அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தாள். அவளும் உன்னைப்போலவே அம்மா போனைத்தான் கொண்டுவந்திருந்தாள். ராத்திரி கிளம்பிப் போனதால் கோயிலுக்குள் காலையிலேயே நுழைந்துவிட்டோம். மற்றவர்கள் நந்தி முன்னால் வரிசை கட்டி நிற்க, இவள் தெற்குப் பக்கம் போய் விமானத்தின் அடிச்சுவரை எடுத்துக்கொண்டிருந்தாள். "செவுத்தப் போயி எடுக்கறயே" என்று மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் பதிலே பேசவில்லை.

ஊர் திரும்பி அந்தப் படங்களை வகுப்பில் திரையில் போட்டபோது நான் அசந்துபோனேன். கல்லில் வெட்டின ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெரிந்தது. வெயில் சுவரை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போயிருக்கிறது. வெட்டின பள்ளம் ஒவ்வொன்றிலும் நிழல் விழுந்து எழுத்துக்கு ஓரம் கட்டியிருக்கிறது. நேரே வெயில் அடிக்கும் சுவரிலோ ஃப்ளாஷ் அடித்தோ எடுத்திருந்தால் எல்லாம் தட்டையாகப் போயிருக்கும். இத்தனைக்கும் அந்தப் போனில் ஒரே ஒரு கேமராதான். பிள்ளைகள் எழுந்து வந்து திரையைத் தொட்டுத் தொட்டு எழுத்துக் கூட்டினார்கள். சோழர் காலத்துத் தமிழ் எழுத்து, புள்ளி இல்லை, சில எழுத்துகள் இப்போது இருக்கிற மாதிரி இல்லை. ஆனாலும் ஒரு வரியில் "ராஜராஜ" என்று யாரோ படித்துவிட்டார்கள். வகுப்பே ஆரவாரம் செய்தது.

அன்றைக்குப் பாடத்தை நிறுத்திவிட்டுக் கல்வெட்டைப் பற்றியே பேசினேன். 1010 வாக்கில் கட்டி முடித்த கோயில் என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். கோயில் சுவர்களோ கணக்குப் புத்தகம் மாதிரி எல்லாம் சொல்கின்றன. ராஜராஜன் கொடுத்தது, அவன் அக்கா குந்தவை கொடுத்தது, அவன் மனைவிமார் கொடுத்தது, பொன் எவ்வளவு, விளக்கு எத்தனை. கோயில் பணிக்கு ஊர் ஊராக இருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடல் பாடல் செய்த பெண்களின் பெயர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு 100 கலம் (அந்தக் காலத்து முகத்தல் அளவு) நெல் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்ட 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' என்ற நூல் வரிசையின் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி இந்தக் கோயில் கல்வெட்டுதான். இதை நான் வாயால் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அந்தப் பெண்ணின் படம் செய்ததைச் செய்திருக்காது.

அதனால் நீயும் ஒரு பத்து நிமிஷம் சுவருக்கு ஒதுக்கு. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புத் தூள் பூசுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கூடவே கூடாது. அப்படிச் செய்கிறவர்களைப் பார்த்தால் உங்கள் ஆசிரியரிடம் சொல்லு. கருவறைப் பக்கம் போனை வெளியே எடுக்காதே. டிரைபாட் என்கிற கேமரா முக்காலி வைத்து எடுக்கத் தொல்லியல் துறை அனுமதி வேண்டும், நீ அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. போனைத் தூணில் சாய்த்துப் பிடித்தாலே ஆடாமல் வரும்.

இன்னொன்றும் எடுத்துக்கொண்டு வா. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வழிகாட்டிகளும் பெரியவர்களும் சொல்வார்கள். விழும். காலையில் மேற்குப் பக்கமும் சாயங்காலம் கிழக்குப் பக்கமும் நன்றாகவே விழும். நிழலோடு சேர்த்து ஒரு படம் எடு. கோயிலைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அப்படி ஒரு கதை இல்லாமலே அந்தக் கோயில் பெரியதுதான்.

இப்போது ஆட்களை எடுப்பது. தோழிகளை வெயிலில் நிறுத்தாதே. கண்ணைச் சுருக்குவார்கள், கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். நான் சொன்ன வடக்குப் பக்க நிழலில் நிறுத்து, எல்லார் முகமும் ஒரே சீராக வரும். பின்னால் வானம் பளீரென்று இருந்தால் திரையில் முகத்தின் மேல் விரலால் தொடு, முகத்தை அளவாக வைத்துப் போன் வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும்.

பியூட்டி மோடை அணைத்துவிடு. இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பல போன்களில் வாங்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கும். கறுத்த பிள்ளையை வெளுப்பாக்கி, மூக்கைச் சிறிதாக்கி, கன்னத்தை மாவு பூசின மாதிரி ஆக்கிவிடும். பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறம் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டையில் இருந்தது வெள்ளைத் தோல் பெண்ணின் படம். கறுத்த தோல் சரியாக வருகிறதா என்று நெடுங்காலம் யாரும் கவலைப்படவில்லை. 2021இல் கூகுள் பிக்சல் 6 வந்தபோதுதான் எல்லாத் தோல் நிறமும் உள்ளபடி வர வேண்டும் என்பதை ஒரு வசதியாகவே விளம்பரம் செய்தார்கள். நம் பிள்ளைகள் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "நான் கறுப்பா இருக்கேன், அழிச்சிரு" என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். அழிக்காதே. நல்ல நிழலில் நிறுத்தி அவளை அவள் நிறத்திலேயே எடுத்துக் காட்டு.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாதது ஒன்றும் சொல்லிவிடுகிறேன், பெற்றோரும் ஆசிரியர்களும் படித்தால் நல்லது. சுற்றுலாவில் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. வழியில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் கதவு தாழ் போடாது. ஒரே நாளில் ஆறு இடம் காட்டுகிறோம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் அட்டவணை நீட்டுவார்கள். கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். உச்சி வெயிலில் வெறுங்காலோடு கருங்கல் தளத்தில் ஓடவிட்டு, தலை சுற்றி விழுந்த பிள்ளையை நான் மடியில் போட்டு விசிறியிருக்கிறேன். இரண்டு இடத்தைக் குறையுங்கள், நல்ல கழிப்பறை இருக்கிற இடத்தில் பஸ்ஸை நிறுத்துங்கள். இதைக் கேட்டால் என்னைச் சிடுசிடுப்பவள் என்கிறார்கள். சொல்லட்டும், நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன். கண்ணு, நீ தண்ணீர் குடி.

சரி, படத்துக்கு வருகிறேன். உன் வகுப்பில் போன் கொண்டுவராத பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களை மறக்காமல் எடு. வரிசையில் ஓரத்தில் நிற்கிறவள், சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள், ஜன்னல் ஓரம் தூங்குகிறவள் என்று யாரையும் விடாதே. தூங்குவதை எடுத்தால் அவளிடம் காட்டி, வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடு. அவள் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதே. அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பு, இல்லாவிட்டால் படத்தைச் சுருக்கித் தெளிவைக் கெடுத்துவிடும். வீட்டில் யாரிடமும் வாட்ஸ்அப் இல்லாத பிள்ளைக்கு ஒரு படமாவது ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடு. தனியாகச் செலவு செய்ய முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து போடுங்கள்.

போய்விட்டு வந்ததும் தெற்குச் சுவர் படம் ஒன்றை இந்தப் பதிலுக்குக் கீழே போடு. எழுத்து புரியாவிட்டால் பரவாயில்லை, சேர்ந்து படிக்கலாம்.