மன்னவனூரில் ஒரு தொலைநோக்கி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மன்னவனூரில் பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம் எங்களுடையது. போன வருடம் எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கினேன். ஒரு சூப்பர்நோவாவையாவது, அதாவது வெடிக்கும் நட்சத்திரம் ஒன்றையாவது, கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் தானியங்கி கேமராக்கள் தினமும் வானத்தைச் சலித்துவிடுகின்றன என்கிறார்கள். எம் 83 என்ற கேலக்ஸியை, அதாவது நம் பால்வீதி போன்ற ஒரு நட்சத்திரத் திரளை, தேடிப் பிடித்தால் மங்கலாக ஒரு திட்டு, அவ்வளவுதான். நேரத்தை வீணாக்குகிறேனா? எதையாவது கண்டால் கொடைக்கானல் ஆய்வகத்தில் சொல்ல வேண்டுமா?

ம.

அன்புள்ள ம.,

வீணே இல்லை. கேமராக்கள் உங்களை முந்தத்தான் செய்யும், பெரும்பாலும். ஆனாலும் 2023 மே மாதம் எம் 101 என்ற கேலக்ஸியில், இரண்டு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்ததை முதலில் சொன்னவர் ஜப்பானின் இட்டகாகி என்ற தனி ஆர்வலர்தான். அவரும் கேமரா வைத்திருப்பவர், சரி. கேமரா இல்லாமல், தொலைநோக்கியின் ஐபீஸில் (கண் வைக்கும் லென்ஸில்) கண்ணை வைத்தே 40 சூப்பர்நோவாக்களுக்கு மேல் பிடித்த ஆஸ்திரேலியப் பாதிரியார் ராபர்ட் எவன்ஸ் இருந்தாரே! ஒவ்வொரு கேலக்ஸியைச் சுற்றியும் எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடமாக இருந்தது, புதிதாக ஒரு புள்ளி வந்தால் உடனே தெரிந்துவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதைத்தான். நூறு கேலக்ஸி வேண்டாம், ஐந்தாறு போதும், அதில் முதலாவதாக நீங்கள் அலுத்துக்கொண்ட அதே எம் 83-ஐயே வையுங்கள். ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் அதில் 1923-க்கும் 1983-க்கும் இடையில் மட்டும் ஆறு சூப்பர்நோவாக்கள் பதிவாகியிருக்கின்றன. 1968-இல் வந்ததைக் கண்டவர் வால்நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்க ஆர்வலர் பென்னட், அதுவும் ஐந்து அங்குலத் தொலைநோக்கியில், 1983-இல் வந்தது எவன்ஸுக்கு. உங்களுடையது எட்டு அங்குலம்! இடமும் உங்களுக்குச் சாதகம்: வடக்கே பழனி, உடுமலைப் பக்கத்து வெளிச்சம் ஏறினாலும் தெற்கே காடுதான். சித்திரை நட்சத்திரத்திலிருந்து, கையை நீட்டி மடக்கிய முட்டியால் அளந்தால், இரண்டு முட்டி தெற்கே இறங்க வேண்டும். மார்ச் நடுவில் இரவு இரண்டரை மணிக்கும் ஏப்ரல் கடைசியில் பதினொன்றரைக்கும் அது நன்றாக மேலே நிற்கும். மே மாத மேகம் வருவதற்குள் பார்த்துவிடுங்கள்.

திட்டு மட்டும் தெரிந்தது என்கிறீர்களே, அரை மணி நேரமாவது இருட்டில் இருந்தீர்களா? நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அப்புறம் நேராகப் பார்க்காதீர்கள். மங்கலான வெளிச்சத்தை வாங்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றியே இருக்கின்றன. அதனால் கேலக்ஸிக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டு ஓரக்கண்ணால் அதைக் கவனியுங்கள், குழாயை மெல்லத் தட்டுங்கள், அசைகிற மங்கல் கண்ணில் படும். பத்து நிமிடம் அப்படி நின்றால் திட்டுக்குள் பிரகாசமான நடுவும், சுற்றிலும் நம் பால்வீதியைச் சேர்ந்த சின்னச் சின்ன நட்சத்திரங்களும் பிரிந்து தெரியும். அவற்றை நோட்டில் பென்சிலால் வரையுங்கள், சிவப்பு விளக்கு போதும். அந்தப் படம்தான் உங்கள் கருவி, தொலைநோக்கியைவிட முக்கியமானது என்றே சொல்வேன். பனி கண்ணாடியில் இறங்காமலிருக்க யோகா பாயைக் குழாய் வாயைச் சுற்றி நீளமாகச் சுருட்டிக் கட்டுங்கள்.

படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் குதிக்க வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், நகர்ந்திருந்தால் சிறுகோள். நகரவில்லை என்றால் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுவிட்டு, சர்வதேச வானியல் ஒன்றியத்துக்காக நடக்கும் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற, வானில் புதிதாகத் தோன்றுபவற்றைப் பதியும் இணையதளத்தில் பாருங்கள், யாரும் சொல்லியிருக்காவிட்டால் அங்கேயே பதியலாம். கொடைக்கானல் ஆய்வகம் 1899-இலிருந்து சூரியனுக்கானது, இது அவர்கள் வேலை இல்லை. வேறு யாராவது முன்னமே பதிந்திருந்தால்? அப்போதும் விடாதீர்கள். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒளிர்வு எவ்வளவு என்று தினமும் குறித்துக்கொண்டே வாருங்கள், ஏறி இறங்குவது முழுதையும் உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள்.

காட்டுமாடு நடமாடும் ஊர் அது, இரவில் வீட்டு முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டாம். முதல் படத்தை வரைந்ததும் எனக்கு அனுப்புங்கள், தேதியும் நேரமும் ஓரத்தில் எழுதி.