குளத்துத் தண்ணீரே உரமாக வந்தால் நெல் ஏன் பதராகிறது?

கேள்வி: சுசீந்திரம் பக்கம் குளத்துப் பாசனத்தில் 80 சென்ட் வயல். அம்பை 16 ரக நெல் நட்டு மூன்று வாரம் ஆகிறது. பெரிதாக உரம் போடாமலே கரும்பச்சையாக நிற்கிறது. போன பூவிலும் (சாகுபடிப் பருவத்திலும்) இப்படித்தான் செழித்து நின்று, கதிர் வந்ததும் சாய்ந்து, பாதி பதராகப் போனது. குளத்தில் ஊர்ச் சாக்கடை வந்து விழுகிறது, ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. போன வாரம் விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் செத்து மிதந்தன, விரால் ஒன்றுகூடச் சாகவில்லை. களைக்கொல்லி அடித்துச் செடியை அழித்துவிடலாம் என்கிறார்கள், செய்யலாமா? வயலில் இறங்கினால் கால் அரிப்பும் இருக்கிறது. அந்தச் செடியை மாட்டுக்குப் போடலாமா?

பதில்: அண்ணாச்சி, மேலுரத்துக்கு யூரியா வாங்கி வைத்திருந்தால் அந்த மூட்டையை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். உங்கள் பயிருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) குளத்திலிருந்தே மடை வழியாக வந்து கொண்டிருக்கிறது, அதுவும் நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு ஏக்கரில் ஒரு பூ முழுக்க ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தால் அது சுமார் 40 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் தழைச்சத்து கலந்திருந்தால், மொத்தம் 40 கிலோ. யூரியாவாகச் சொன்னால் 87 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டை கிட்டத்தட்ட இரண்டு. மழைக்காலத்தை ஒட்டிய கும்பப்பூப் பருவத்தில் பாதித் தண்ணீர் மழையிலேயே கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு மூட்டை யூரியா சும்மா வந்து விழுகிறது. கலப்பில்லாத சாக்கடையில் 10 மில்லிகிராமைவிடப் பல மடங்கு இருக்கும் என்பதால் உங்கள் குளத்துக்கு இது பெரிய அளவே இல்லை.

நல்லதுதானே, உரச் செலவு மிச்சம் என்று நம்மூரில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. நாம் போடும் உரத்தை எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பது நம் கையில் இருக்கிறது. தண்ணீரில் வரும் உரம் கதிர் வந்த பிறகும் வந்து கொண்டே இருக்கும், பயிர் முற்ற மறுத்துத் தழைத்துக்கொண்டே போகும், பின்தூர்கள் (காலம் தாழ்ந்த பக்கக் கிளைகள்) வெடிக்கும், தண்டு மென்மையாகி ஒரு மழைக்கே படுத்துவிடும். சாய்ந்த பயிரில் பால் ஏறாது. இதோடு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் இந்த மாதிரி கரும்பச்சை வயலைத்தான் முதலில் தேடி வரும். உடனே பூச்சிமருந்து, அது வடிந்து திரும்ப வாய்க்காலுக்கு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை காலையில், நேரடி வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். அம்பை 16க்கு நிறம் அட்டையின் 4ஆம் எண்ணுக்குக் கீழே இறங்கினால் மட்டும் யூரியா, இல்லாவிட்டால் ஒரு கைப்பிடிகூட வேண்டாம். வயலில் தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காதீர்கள். தூர் போதுமான அளவு கட்டியதும் வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு காணும்வரை காயவிட்டு மறுபடி பாய்ச்சுங்கள். தேவையில்லாத தூர் நிற்கும், வேர் ஆழமாக இறங்கும், சாக்கடைத் தண்ணீரும் குறைவாகவே உள்ளே வரும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிட வேண்டாம். கதிர் உருவாகும் பருவத்தில் உங்கள் 80 சென்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ பொட்டாஷ் போடுங்கள், தண்டுக்கு வலு வேண்டும்.

மீன் விஷயத்தில் நீங்கள் விராலைப் பற்றி எழுதியது ரொம்ப உதவியாக இருந்தது. யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு கிளம்பியிருக்கும். மருந்தாக இருந்தால் பெரும்பாலும் விராலும் தப்பியிருக்காது. விரால் மேலே வந்து வெளிக்காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன், கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வசதி கிடையாது. ஆகாயத்தாமரை வெயிலை மறைப்பதால் பகலில் தண்ணீருக்குள் உயிர்வாயு உண்டாவது குறைகிறது, இரவில் பாசியும் செடியும் சகதியில் அழுகும் கழிவும் சேர்ந்து இருக்கிறதையும் இழுத்துக்கொள்கின்றன, விடியும் நேரத்தில் அளவு அடிமட்டத்துக்குப் போகிறது. அதனால்தான் சாவு எப்போதும் விடியற்காலையில்.

இப்போது களைக்கொல்லி அடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடலாம். அத்தனை செடியும் ஒரே நேரத்தில் செத்து அடியில் போய் அழுகும், மிச்சமிருக்கும் உயிர்வாயுவும் போய்விடும், அந்தத் தண்ணீர்தான் உங்கள் வயலுக்கும் பாயும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி இது, சாதகமான நிலையில் இரண்டு வாரத்திலேயே இரட்டிப்பாகும், விதை சகதியில் பல வருடம் உயிரோடு கிடக்கும். சாக்கடை வந்து கொண்டிருக்கும்வரை மருந்தடித்தாலும் இயந்திரம் விட்டாலும் அடுத்த மழைக்கு மறுபடி மூடும். வாரி எடுப்பதாக இருந்தால் பூப்பதற்கு முன்னால் எடுங்கள், கரையிலேயே குவித்து வைக்காதீர்கள், ஒரு மழையில் திரும்ப உள்ளே போய்விடும். நன்றாக வாடவைத்துத் தென்னை மூட்டில் மூடாக்காகப் போடலாம். காய்கறி, கீரைப் பாத்திக்கு வேண்டாம், பட்டறைக் கழிவு கலக்கும் குளமாக இருந்தால் இந்தச் செடி உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும்.

கால் அரிப்பைச் சாதாரணமாக விடாதீர்கள். களை மண்டிய தண்ணீரில் நத்தை பெருகும், மாடும் பறவையும் இறங்கும் இடங்களில் அந்த நத்தையிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத புழு தோலில் துளைத்து அரிப்பை உண்டாக்கும். காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. கம்பூட்ஸ் போட்டு வேலை பாருங்கள், காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வயல் வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லுங்கள்.

அப்புறம், குளத்தைக் கெடுத்தது நகரம் மட்டும்தான் என்று நான் சொல்லமாட்டேன். நாஞ்சில் நாட்டில் குளங்கள் தொடராகக் கிடக்கின்றன, ஒன்றின் மறுகால் (நிரம்பி வழியும் தண்ணீர்) அடுத்ததற்கு வரத்து. நீங்கள் வடிக்கும் யூரியாத் தண்ணீர் கீழ்க்குளத்துக்காரருக்குச் சாக்கடைதான். சில குளங்களில் தாமரைக் குத்தகைக்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே உரமும் மருந்தும் போடுகிறார்கள், வாய்க்கால் ஓரம் கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள், வயலில் செம்மண் அடித்து மனை போடுகிறவர்கள் வரத்துக்காலையே மூடிவிடுகிறார்கள். எல்லாம் பழையாற்றோடு சேர்ந்து மணக்குடி காயலில் போய் நிற்கிறது. சுசீந்திரம் தேரூர் குளங்களை 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்குகிற இடம். பட்டியலில் பெயர் வந்ததால் மட்டும் ஓடையில் வருவது நின்றுவிடாது.

தனியாக மனு கொடுத்தால் நடக்காது. பாசனக்காரர்கள் பத்துப் பேராவது சேருங்கள். குளத்துக்குள் சாக்கடை விழும் இடம், உங்கள் மடை, இரண்டிலும் தனித்தனியாகச் சுத்தமான பிளாஸ்டிக் குப்பியில் ஒரு லிட்டர் பிடித்து, ஐஸ் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் கொடுங்கள். அமோனியா, நைட்ரேட், உப்பு, கன உலோகங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த அறிக்கையோடு மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் நீர்வளத்துறையையும் உள்ளாட்சியையும் ஒரே மனுவில் சேர்த்துக் கேளுங்கள். ஒரு துறையிடம் மட்டும் கேட்டால் இன்னொரு துறையைக் கை காட்டுவார்கள். சாக்கடை வந்து சேரும் வாயில் ஒரு வண்டல் குழி வெட்டி, அதைத் தாண்டி சம்பங்கோரையும் கல்வாழையும் அடர்த்தியாக வைக்க அனுமதி கேளுங்கள். முழுச் சாக்கடைக்கு அது போதாதுதான், ஆனால் கசடில் பெரும்பகுதி அங்கேயே தங்கும். வருடம் ஒருமுறை குழியைத் தூர்வார ஆள் பொறுப்பேற்றால்தான் இதற்கு அர்த்தம்.

மாட்டுக்கு: போடாதீர்கள். செடியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர், சாக்கடைக் குளத்துச் செடி என்றால் உலோகம் பாலிலும் வரலாம். வைக்கோல் பத்தாவிட்டால் வரப்பில் கோ 4 தீவனப்புல் கரணை நடுங்கள், உங்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்துக்கு அது நன்றாகவே வரும். அதற்கும் மடைத் தண்ணீர் பாய்கிறது என்பதால், சோதனை முடிவு வந்த பிறகு அறுத்துப் போடுங்கள்.