கோடி இல்லாத ஏரிதான் பாலைவனமாகும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடையில் ஏரிகள் வறண்டு கிடக்கிற நேரம். அதனாலோ என்னவோ, தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வறண்ட ஏரிகளைப் பற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் ஏரி மூன்று வருடமாக நிரம்பவில்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துப் பிளாக் ராக் பாலைவனமும் ஒரு காலத்தில் ஏரிதான் என்று என் மகன் செல்போனில் படம் காட்டினான். பார்த்தால் அச்சு அசல் எங்கள் ஏரி. இதுவும் அப்படி ஆகிவிடுமா ஐயா?
— விவசாயி, பாலக்கோடு

ஆகாது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், தண்ணீர் போகிற வழியில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

உங்கள் ஏரிக்குக் கோடி, அதாவது நிரம்பிய தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய், உண்டு. நல்ல மழை பெய்தால் ஏரி நிரம்பிக் கோடி போகும். அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து ஓடைக்கும், சின்னாற்றுக்கும் போய், ஒகேனக்கல்லில் காவிரியோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தண்ணீர் தென்பெண்ணை வழியாகக் கடலூரில் கடலைத் தொடுகிறது. பாறையிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரைந்து வரும் உப்புகளும் அந்தத் தண்ணீரோடு வெளியேறிவிடுகின்றன.

பிளாக் ராக்கில் அந்த வழி கிடையாது. குவின் என்ற ஆறு மலைகளிலிருந்து இறங்கி வந்து அந்தச் சமவெளியில் பரவி, அங்கேயே முடிந்துபோகிறது. நெவாடாவின் பெரும்பகுதிக்கு இதே நிலைதான். அங்கே பெய்யும் எந்தச் சொட்டும் கடலைப் பார்ப்பதில்லை. தண்ணீர் ஆவியாக மேலே போக, அது சுமந்து வந்த களிமண்ணும் உப்பும் தரையிலேயே தங்கிவிடுகின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே படிந்தால் செடி முளைக்காத, மேசைபோல் மட்டமான வெளுத்த தரை மிஞ்சும். நிலவியலில் இதைப் பிளாயா என்கிறோம்.

வழி ஏன் அடைபட்டது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தப் பிரதேசத்தில் பூமியின் மேலோடு கிழக்கு மேற்காக இழுபட்டுக்கொண்டிருக்கிறது. இழுபட இழுபட அது பாளங்களாக உடைகிறது. ஒரு பாளம் மேலேறி மலையாகிறது, பக்கத்துப் பாளம் இறங்கிப் பள்ளத்தாக்காகிறது. ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகளாக நடக்கும் இந்த வேலை இன்னும் ஓயவில்லை. ஆறு ஒரு பக்கம் வழி அறுத்து முடிப்பதற்குள் தரை மறுபடி இறங்கிவிடுகிறது. அங்கே மழையும் குறைவு என்பதால் ஆறுகளுக்கு அறுக்கும் பலமும் போதாது.

நம் மண்ணின் கதை நேர் எதிர். கிருஷ்ணகிரி குவாரிகளில் வெட்டி எடுக்கும் கல்லும் சுற்றியுள்ள, வரிவரியான நைஸ் (gneiss) பாறைகளும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. இந்த நிலம் நிலைத்து நின்று, தேய்ந்து, சரிவு கண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. ஆறுகள் தங்கள் வழியை எப்போதோ அறுத்து முடித்துவிட்டன. ஆகவே உங்கள் ஏரி எத்தனை வருடம் காய்ந்தாலும், ஒரு நல்ல மழைக்காலம் வந்தால் திரும்பவும் ஏரிதான்.

ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் கோடியிலும் அதற்குக் கீழே உள்ள ஓடையிலும் இருக்கிறது. ஓடையைத் தூர்த்து மனை போடுகிறவர்கள் வெள்ளத்துக்கு மட்டும் வழி செய்யவில்லை. உப்பு வெளியேறும் வாசலையும் சேர்த்து அடைக்கிறார்கள். கவலைப்படுவதானால் இதற்குத்தான் கவலைப்பட வேண்டும்.

பாலைவனம் என்றால் தர்மபுரியைவிட அங்கே வெயில் அதிகம்தானே சார்?
— பிளஸ் டூ மாணவி, காவேரிப்பட்டணம்

வெயிலை வைத்துப் பாலைவனத்தை அளக்காதீர்கள் அம்மா. பிளாக் ராக் தரை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,190 மீட்டர் உயரத்தில், நம் ஓசூரைவிட மேலே இருக்கிறது. கோடைப் பகல் நன்றாகவே சுடும். குளிர்கால இரவுகளில் தண்ணீர் உறைந்துவிடும், பனியும் விழும்.

அளக்க வேண்டியது இரண்டு: எவ்வளவு மழை பெய்கிறது, எவ்வளவு ஆவியாகிறது. அங்கே ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் கீழே. ஆவியாகக்கூடியதோ ஒரு மீட்டருக்கும் மேல். பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் தடுத்துவிடுகிறது. அதன் உச்சி விட்னி சிகரம், 4,421 மீட்டர். காற்று மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்டு இறங்குகிறது.

நமக்கும் மேற்கே மலை இருக்கிறது, நாமும் ஓரளவு மழை மறைவில்தான் இருக்கிறோம். என்றாலும் தென்மேற்குப் பருவத்தின் கடைசியில் சாயங்கால இடிமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை, இடையே கோடை மழை என்று மூன்று பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்து, ஆண்டுக்கு 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை சேர்கிறது. ராகியும் மாவும் புளியும் விளைவதற்கு அது போதுகிறது.

அங்கே ஏரி இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? யார் பார்த்தார்கள்?
— ஊத்தங்கரை

மலைகளே சாட்சி. பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் படிப்படியாகக் கிடைமட்டக் கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் அலை அடித்து அறுத்த பழைய கரை. எந்த மலைக்குப் போனாலும் அநேகமாக அதே உயரத்தில் அவை தொடர்கின்றன. கரையோரம் சுண்ணாம்புப் படிவங்கள், கூழாங்கல் திட்டுகள், நத்தை ஓடுகளும் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் நடந்து வரைந்து, இஸ்ரேல் ரஸ்ஸல் என்பவர் 1885இல் அந்த ஏரியைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஏரிக்கு லஹோன்டன் என்று பெயர்.

உச்சத்தில் அதன் பரப்பு சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்தாலும் அதில் பாதி வராது. இன்று கார் ஓடும் பிளாக் ராக் தரைமேல் அப்போது சுமார் 150 மீட்டர் தண்ணீர் நின்றது. இதெல்லாம் ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் கடைசிக் கட்டத்தில். குளிர் அதிகம் என்பதால் ஆவியாவது குறைவு, மழைக்காற்றின் பாதையும் தெற்கே தள்ளி இருந்தது. பனியுகம் முடிந்ததும் வரவு குறைந்தது, செலவு கூடியது, அடுத்த சில ஆயிரம் ஆண்டுகளில் ஏரி சுருங்கிப்போனது. பிரமிட் ஏரியும் வாக்கர் ஏரியும் அதில் மிஞ்சியவை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பக்கத்து யூட்டா மாநிலத்தில் பான்வில் என்று இதைவிடப் பெரிய ஏரி இருந்தது. அதன் பழைய கரைக்கோடு, நடுவிலிருந்த தீவுகளில் ஓரத்தைவிட 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்து கிடக்கிறது. தண்ணீரின் பாரத்தில் அமுங்கியிருந்த பூமி, ஏரி வற்றியதும் மேலெழும்பியதே காரணம். நிலவியலாளர் க்ரோவ் கார்ல் கில்பர்ட் 1890இலேயே இதை விளக்கிவிட்டார். தண்ணீருக்குப் பூமியை அழுத்துகிற கனம் உண்டு என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஏரித்தரை ஏன் அறுகோணமாகவே வெடிக்கிறது?
— அரூர்

களிமண் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கப் பார்க்கும். இழுவிசையைக் குறைந்த நீள வெடிப்பில் தீர்க்கும் வடிவம் அறுகோணத்துக்குப் பக்கமானது. முதல் வெடிப்புகள் பெரும்பாலும் செங்கோணத்தில்தான் சந்திக்கும். பல தடவை நனைந்து காய்ந்த பிறகே அறுகோணம் தெளிவாகிறது. மணல் கலந்த தரை இப்படி வெடிக்காது.

கல் தானாக நகர்கிற ஏரி ஒன்று இருக்கிறதாமே? அமானுஷ்யம் என்கிறார்கள்.
— தேன்கனிக்கோட்டை

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் உள்ள ரேஸ்டிராக் பிளாயாதான் அது. கற்கள் தங்களுக்குப் பின்னால் நீண்ட தடம் விட்டு நகர்ந்திருக்கும், ஆனால் நகர்வதை வெகுகாலம் யாரும் பார்த்ததில்லை. 2013 டிசம்பரில் ஆய்வாளர்கள் நேரிலேயே பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. குளிர்கால மழையில் தரைமேல் சில அங்குலம் தண்ணீர் நிற்கும். இரவில் அதன்மேல் சில மில்லிமீட்டர் கனத்தில் பனிக்கட்டித் தகடு உறையும். காலை வெயிலில் தகடு உடைந்து, மெல்லிய காற்றில் மிதந்து, கற்களை ஈரச் சேற்றின்மேல் தள்ளிக்கொண்டு போகும். நிமிடத்துக்குச் சில மீட்டர்தான் வேகம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. பேயும் இல்லை, காந்தமும் இல்லை.

ஒலியைவிட வேகமாக ஓடிய கார் பிளாக் ராக்கில்தானா?
— ஓசூர்

ஆம். 1997 அக்டோபர் 15, ஆண்டி கிரீன் ஓட்டிய த்ரஸ்ட் எஸ்எஸ்சி, மணிக்கு 1,228 கிலோமீட்டர். அவ்வளவு நீளத்துக்கு மேடுபள்ளம் இல்லாத தரை வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

என் வயலில் ஒரு ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. போர் தண்ணீரிலும் ஃப்ளோரைடு இருப்பதாகச் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லும் உப்புத்தரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— பென்னாகரம்

உண்டு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாலைச் சுண்டக் காய்ச்சுவதுபோல வெயில் தண்ணீரைச் சுண்டவைக்கும்போது, கரைந்திருப்பவை ஒரு வரிசையில் வெளியே வரும். முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், கடைசியில் சோற்றுப்பு. பாலைவன ஏரியில் இந்த வரிசை முழுவதும் நடந்துவிடும். நம் நிலத்தில் பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறது. கிணறு வெட்டும்போது வருமே சுக்கான்கல், அதுதான் அந்தச் சுண்ணாம்பு.

ஃப்ளோரைடின் கதை இங்கேதான் சேருகிறது. நம் பாறைகளில் உள்ள கருப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்ட், அபடைட் ஆகிய தாதுக்களில் ஃப்ளோரின் இருக்கிறது. பாறை இடுக்கில் வெகுநாள் தங்கும் தண்ணீர் அதைக் கரைத்தெடுக்கும். தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் ஃப்ளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏறாது, கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். ஆனால் கால்சியமோ சுக்கானாகப் போய் ஏற்கெனவே படிந்துவிட்டது. மிஞ்சும் தண்ணீரில் சோடியமும் பைகார்பனேட்டும்தான். அதில் ஃப்ளோரைடு தடையில்லாமல் ஏறும். தண்ணீர் குடிக்க மென்மையாக, சுவையாகக்கூட இருக்கும், ஆனால் ஆபத்தானது. கிழக்கு ஆப்பிரிக்காவின் வடிகால் இல்லாத சோடா ஏரிகளில் ஃப்ளோரைடு மிக அதிகமாக இருப்பதற்கும் இதே ரசாயனம் ஒரு முக்கியக் காரணம்.

குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை வரும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்தது இதற்காகத்தான். காவிரித் தண்ணீர் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீரை மற்ற வேலைகளுக்கு வைத்துக்கொள்ளலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் குறைவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள்.

இனி வயல். வெள்ளைப் பொடி பூத்து, மண் பொலபொலவென்று இருந்தால் அநேகமாக உவர். வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கட்டி, உப்பைக் கரைத்து வெளியேற்றினால் தேறும். மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் தேங்கி நின்றால் களர். ஜிப்சம் போட்டு, தண்ணீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும். இரண்டுக்கும் வடிகால் கட்டாயம். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது வீண் செலவு. எது என்று மண் பரிசோதனை செய்து தெரிந்துகொண்டு பிறகு இறங்குங்கள்.

ஏரி வறண்டால் விவசாயத்துக்குத்தானே நஷ்டம்? ஊருக்கு வேறென்ன?
— தர்மபுரி நகரம்

கலிபோர்னியாவின் ஓவன்ஸ் ஏரியைப் பாருங்கள். 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்த ஏரிக்கு வரும் ஆற்றைக் கால்வாய் வழியாகத் திருப்பிக்கொண்டது. 1920களின் நடுவில் ஏரி காய்ந்துபோனது. பிறகு காற்று வீசும்போதெல்லாம் உப்பும் ஆர்சனிக்கும் கலந்த நுண்தூசி கிளம்பி, பல பத்தாண்டுகள் சுற்றியுள்ளவர்கள் அதையே சுவாசித்தார்கள். இப்போது தரையை நனைத்தும், சரளை பரப்பியும், புல் வளர்த்தும் தூசியை அடக்க அதே நகரம் 200 கோடி டாலருக்கும் மேல் செலவழித்திருக்கிறது. பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் வற்றிய மத்திய ஆசியாவின் ஆரல் கடலும் இதே துயரம்தான், அளவுதான் பெரிது.

நம் ஏரித்தரையில் அவ்வளவு உப்பு கிடையாது. ஆனால் குப்பையும் சாக்கடையும் கொட்டப்பட்ட ஏரி காய்ந்தால், கொட்டியது எல்லாம் தூசியாகத் திரும்பி வரும்.

ஏரி வண்டலை வயலுக்கு அடிக்கலாமா? எவ்வளவு ஆழம் எடுக்கலாம்?
— பர்கூர்

தாராளமாக அடிக்கலாம். மேல்மண்ணும் மக்கிய சத்தும் ஓடிவந்து சேர்ந்ததுதான் வண்டல். மணற்பாங்கான செம்மண் நிலத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மேலே படிந்த வண்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிறம் மாறி, பழைய கெட்டித் தரை தெரிந்ததும் மண்வெட்டியோ ஜேசிபியோ அங்கேயே நிற்க வேண்டும். கரையடியிலும் மதகுப் பக்கத்திலும் தோண்டவே கூடாது, கரை சரிந்துவிடும். ஒரே இடத்தில் குழி பறிக்காமல் பரவலாக எடுத்தால் அடுத்த மழையில் தண்ணீர் சீராக நிற்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், விவசாயத்துக்கு இலவசம்தான்.