ஏர் சஸ்பென்ஷன் கார் ஒரு மூலையில் தாழ்ந்து நிற்கிறதா? முதலில் அளவெடுங்கள்

கேள்வி: என் காரில் நான்கு சக்கரங்களுக்கும் ஏர் சஸ்பென்ஷன் (சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு) உள்ளது. முன்பக்க இடது உயர சென்சாரை மாற்றிய பிறகு அந்த மூலை மட்டும் தாழ்ந்து தெரிகிறது. சென்சாரைச் சக்கரத்தின் பக்கத்தோடு இணைக்கும் கம்பியின் நீளத்தை மாற்றிச் சரிசெய்துவிடலாம் என்கிறார் ஒருவர். கம்ப்ரஸரையே மாற்ற வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். காற்றை அடைத்துத் தரும் கம்ப்ரஸர் நான்கு மூலைகளுக்கும் பொதுவானது. அது பலவீனமானால் வண்டி முழுவதும் எழும்பத் தாமதிக்குமே தவிர, ஒரு மூலை மட்டும் எப்போதும் ஒரே அளவில் தாழ்ந்திருக்காது. புதிய சென்சாரின் அளவைக் கட்டுப்பாட்டுக் கணினிக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதே உங்கள் வண்டியில் நடந்திருக்கக்கூடியது.

இதை நீங்களே சோதிக்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஆட்களையும் சுமையையும் இறக்கி, என்ஜினை ஓடவிட்டு, வழக்கமான உயரத்தைத் தேர்ந்தெடுத்து, கதவுகளை மூடிவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்தும் நேர் மேலே மட்கார்டின் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள், டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். கையை மட்கார்டுக்குள் நுழைக்க வேண்டாம். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் எந்தக் காரணத்துக்காகவும் படுக்க வேண்டாம்.

மறுநாள் காலை, கதவைத் திறப்பதற்கு முன்பே மீண்டும் அளந்து பாருங்கள். அந்த மூலை மட்டும் மேலும் இறங்கியிருந்தால் காற்று கசிகிறது. அதை வண்டியின் கணினியோடு இணைக்கும் எந்த ஸ்கேனர் கருவியாலும் சரிசெய்ய முடியாது, சோப்புத் தண்ணீர் தெளித்துக் கசிவைத் தேட வேண்டும். ஆனால் நான்கு மூலைகளும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தால் பதற வேண்டாம். மாலையில் 40 டிகிரியாக இருந்த காற்று விடியலில் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால், அதன் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும், வண்டியும் அதற்கேற்பத் தாழும். இது தவிர, நின்றிருக்கும்போதே இடையிடையே தானாக விழித்து, மற்ற மூலைகளைத் தாழ்ந்த மூலையின் மட்டத்துக்கு இறக்கிச் சமன்செய்யும் வண்டிகளும் உண்டு. இவை புரியாமல் நல்ல ஏர் பெல்லோக்களை (காற்றுப் பைகளை) கழற்றி எறிந்தவர்கள் பலர்.

இரண்டு நாள் அளவும் மாறாமல் அந்த மூலை மட்டும் குறைவாகவே இருந்தால், தேவைப்படுவது கணினியில் உயரத்தைப் பதிவுசெய்யும் அளவுத்திருத்தம் மட்டுமே. அளந்த எண்களை ஸ்கேனர் வழியாக உள்ளிட வேண்டும். ஒரு மூலையை உயர்த்தினால் எடை இடம் மாறி மற்ற மூலைகளும் சற்று அசையும் என்பதால், ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் நான்கையும் மறுபடி அளக்க வேண்டும்.

இணைப்புக் கம்பியைக் குட்டையாக்குவதும் நீட்டுவதும் சென்சாரிடம் பொய் சொல்லும் வேலை. கண்ணுக்கு வண்டி சமமாகிவிடும். ஆனால் அந்த மூலை எங்கே நிற்கிறது என்பது கணினிக்குத் தெரியாமல் போகும். உயரத்தை மாற்றும்போதெல்லாம் பிழை தொடரும். அடுத்து வரும் மெக்கானிக் அந்தப் பொய்யை நம்பி நல்ல பாகத்தை மாற்றுவார். இப்படிக் கம்பி வளைக்கப்பட்டு வந்த எத்தனையோ வண்டிகளை நான் மீட்டிருக்கிறேன். ஒன்றில்கூட முதல் பழுது கம்பியில் இல்லை.

உரிய உயர அளவைப் பல நிறுவனங்கள் கையேட்டில் அச்சிடுவதில்லை, அளவுத்திருத்தத்தையும் தங்கள் மென்பொருளுக்குள் பூட்டி வைக்கின்றன. வாங்கியவரின் வண்டிக்கு உரிய நான்கு எண்களை அவரிடமிருந்தே மறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை; கம்பியை வளைப்பவர்களுக்குப் பிழைப்பு கிடைப்பதும் இதனால்தான். ஆகவே வேலையை ஒப்படைக்கும்போதே, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கு அளவுகளையும், அந்த மாடலுக்கு உரிய அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். வீல் அலைன்மென்டையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் உயரம் சரியான பிறகே பார்க்கச் சொல்லுங்கள். முன்கூட்டியே செய்தால் அந்த வேலையை இரண்டாம் முறையும் செய்ய வேண்டிவரும்.