ராஜினாமாவுக்குப் பின் வந்த சம்மன்: முன்னாள் சுயேச்சை இயக்குநருக்கு

2019-இல் கம்பெனியின் சுயேச்சை இயக்குநர் (நிர்வாகத்தில் பங்கில்லாத வெளி இயக்குநர்) பதவியிலிருந்து விலகிவிட்டேன் என்று காட்டி, கம்பெனி மோசடிகளை விசாரிக்கும் மத்திய அரசு அமைப்பான தீவிர மோசடி விசாரணை அலுவலகம் உங்களுக்கு அனுப்பிய சம்மனை நீங்கள் ஒதுக்கிவிட முடியாது. பதவிக்காலத்தில் நடந்த குற்றங்களுக்கு விலகிய பின்னும் இயக்குநர் பொறுப்பாவார் என்று கம்பெனிகள் சட்டம் 2013-இன் 168-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

விலகலுக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் அந்த அலுவலகம் உங்களிடம் கேட்பதற்கு, இயக்குநர் விலகியதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டிஐஆர்-12 படிவத்தைக் கம்பெனி தாக்கல் செய்யாமல் விட்டது காரணமாக இருக்கலாம். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே விலகிய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ராஜினாமா கடிதம் கம்பெனிக்குக் கிடைத்ததற்கான அஞ்சல் ஒப்புகை அட்டையைத் தேடி எடுங்கள். கடிதம் கிடைத்த நாள், கடிதத்தில் குறித்த நாள் ஆகிய இரண்டில் பிந்தியதே சட்டப்படி விலகிய நாள்.

"கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்ற உங்கள் வாதம் எனக்குக் கவலை தருகிறது. சுயேச்சை இயக்குநருக்கு அதே சட்டத்தின் 149(12) பிரிவு தரும் பாதுகாப்பு, அவர் உரிய கவனத்துடன் செயல்படாதபோது கிடைக்காது என்பதால், அந்த வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்பக்கூடும். இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பில் நீங்கள் எழுப்பிய ஆட்சேபம் ஒரு வரி இருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம்.

விசாரணையில் பிரமாணத்தின் பேரில் சொல்லிக் கையெழுத்திடுவதை 217-ஆம் பிரிவின்படி உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தலாம். மோசடிக்குத் தண்டனை தரும் 447-ஆம் பிரிவில் ஜாமீனும் எளிதல்ல. ஆகவே ஆஜராகும் முன் ஆவணங்களுடன் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.