தோழி என்றால் சிநேகிதியா?

கேள்வி: மகளுக்கு ஆவணியில் கலியாணம். அவளோடு கம்பஸில் படித்த சிநேகிதியைத் தோழியாக நிறுத்த நினைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டாரோ தங்கள் மகள்தான் நிற்க வேண்டும், ‘நாத்தனார் முடிச்சும்’ அவள்தான் போட வேண்டும் என்று நிற்கிறார்கள். தோழி என்றால் சிநேகிதிதானே? இதெல்லாம் எங்கள் வழக்கமா?
- ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, பாதி வழக்கில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். அகராதியில் தோழி சிநேகிதிதான், மணவறையில் அப்படியில்லை. அங்கே தோழி என்றால் மாப்பிள்ளையின் சகோதரி, தோழன் என்றால் பெண்ணின் சகோதரன். கூறை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருகிறது, அதை உடுத்தப் பெண்ணை அழைத்துப் போய்த் திரும்பக் கூட்டிவந்து மணவறையில் இருத்துகிறவளும் அந்த வீட்டுப் பெண்ணாக இருப்பதுதானே முறை? ஆண்டாள் கண்ட கனவிலும் கோடி உடுத்தி மாலை சூட்டியவள் அந்தரி, அதாவது மாப்பிள்ளையான கண்ணனின் தங்கை. பெண்ணின் சிநேகிதி இல்லை.

தோழன் விசயம் இதைவிடச் சுவையானது. வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மோதிரம் வாங்குகிறவன் அவன். (எனக்குத் தோழனாக நின்ற மச்சானுக்கு எட்டு வயது. மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று செம்புக்குள் விழுந்து, மேளகாரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.) நம் மட்டக்களப்புப் பக்கம் வீடு மகளுக்குத்தான், குடி என்கிற குலமும் தாய்வழிதான். ஆக, தோழனும் அவன் சகோதரியும் ஒரே குடி, வாசலில் நிற்கிற மாப்பிள்ளை வேறு குடி. தான் பிறந்த வீட்டுக்குள் இன்னொரு குடியைச் சேர்ந்தவனைக் காலைக் கழுவி ஏற்றிவிட்டு, நாளைக்குத் தன் கலியாணத்தோடு தான் வேறொரு வாசலில் போய்க் காலை நீட்டப்போகிறவன் அவன். நாளைக்கு உங்கள் பேரப்பிள்ளைக்குத் தாய்மாமனும் அவனே. இந்த இடத்தில் மாப்பிள்ளையின் கிரிக்கெட் கூட்டாளியைக் கொண்டுபோய் நிறுத்தினால் படம் வடிவாக வரும், அவ்வளவுதான்.

சரி, மற்றப் பாதி. ‘நாத்தனார்’ என்று நம் ஊரில் யாரை யார் கூப்பிட்டார்கள்? நமக்கு மதினி இருக்கிறாள், மச்சாள் இருக்கிறாள். நாத்தனார் தமிழ்நாட்டிலிருந்து சீரியல் வழியாக வந்து இறங்கியவர். அங்கே பல இடங்களில் மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி போடுவார், அந்த ஊர்களில் அது நல்ல வழக்கம்தான். கொங்கு நாட்டில் அதே சகோதரிக்கு ‘இணைச்சீர்’ என்று தனிச் சடங்கே உண்டு, கலியாணத்தை நடத்தி வைக்கும் பெரியவருக்கும் அங்கே ‘அருமைக்காரர்’ என்று பெயர். என்ன அழகான சொல்! அதற்காக நாளைக்குக் கல்முனையில் ஒரு அருமைக்காரரைத் தேடுவோமா?

ஆகவே தோழியை விட்டுக்கொடுங்கள், அது அவர்களுடைய உரிமை. சிநேகிதிப் பிள்ளையை உள்ளறையில் மகளோடு இருக்கச் சொல்லுங்கள், தலையலங்காரம் நடக்கிற அந்த மூன்று மணித்தியாலமும் மகளுக்குக் கதைக்க ஆள் வேண்டும். முடிச்சு விசயத்தில் மட்டும் மாப்பிள்ளையின் தாயாரிடம் மெதுவாக ஒன்று கேளுங்கள்: ‘மதினி, உங்கள் தாலிக்கு முடிச்சுப் போட்டது யார்?’